திரையிலிருந்து வானத்துக்கு

ஒரு வாரமாக, வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருளைப் பழகிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் திரை முழுக்க நட்சத்திரங்கள். மேலே பார்த்தால் அதில் பாதிகூட இல்லை. இடம், நேரம் சரியாகக் கொடுத்து, மங்கலானவற்றை மறைத்த பிறகுதான் திரையும் வானமும் ஒத்துப்போயின.

அப்புறம் இரவு முறை. திரை சிவப்பாகிவிடும், அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். ஒரு வெள்ளை வெளிச்சம் பட்டால் எல்லாம் போச்சு.

நேற்று மிராக் நட்சத்திரத்தில் தொடங்கி, வரைபடம் காட்டியபடி இரண்டு சின்ன நட்சத்திரங்களைத் தாண்டினேன். பைனாகுலரில் வெளிறிய ஒரு தீற்றல், விரல் பட்டுக் கலைந்த சுண்ணக்கட்டி மாதிரி. ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள் (கேலக்ஸி)! ஏறக்குறைய 25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்து வந்த வெளிச்சம். கை வலித்தும் பைனாகுலரை இறக்க மனசே வரவில்லை.