மூணு அனார்கலி, ஒரே சுலோச்சனா

முகலாய இளவரசன் சலீமோட காதலி அனார்கலின்னு சொன்னா நம்மள்ல பாதிப் பேருக்கு 1960ல வந்த 'முகல்-ஏ-ஆஸம்' மதுபாலா முகம்தான் வரும். ஆனா அதுக்கு முப்பது வருஷத்துக்கு முன்னாடியே, படம் பேச ஆரம்பிக்காத காலத்துல, ஒரு அனார்கலி நாட்டையே கிறங்கடிச்சிருக்காங்க. பேரு சுலோச்சனா. நிஜப்பேரு ரூபி மையர்ஸ், 1907ல புனேல பிறந்தவங்க, பாக்தாத் பக்கத்துலேர்ந்து வந்து இங்க செட்டில் ஆன யூதக் குடும்பம். இதே கதையில 1928ல மௌனப் படத்துல அனார்கலி, 1935ல பேசும் படத்துல மறுபடியும் அனார்கலி, 1953ல பீனா ராய் அனார்கலியா நடிச்சப்போ சலீமோட அம்மா. ஒரே கதையில காதலியாவும் மாமியாராவும் நடிச்ச ஆளு வேற யாராவது இருக்காங்களான்னு யோசிச்சுப் பார்த்தேன், எனக்கு யாரும் ஞாபகம் வரல.

சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி டெலிபோன் ஆபரேட்டர். கோஹினூர் ஃபிலிம் கம்பெனில டைரக்டரா இருந்த மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டிருக்கார், இந்தம்மா முதல்ல முடியாதுன்னுட்டாங்க. அந்தக் காலத்துல சினிமான்னா வீட்டுப் பொண்ணுங்க போற இடமில்ல இல்லையா. 1913ல பால்கே இந்தியாவோட முதல் முழுநீளப் படம் 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தப்போ ஹரிச்சந்திரன் பொண்டாட்டி தாராமதி வேஷத்துக்குப் பொண்ணு கிடைக்காம, ஒரு ஹோட்டல்ல வேலை பார்த்த சாலுங்கேங்கிற பையனுக்குப் புடவை கட்டி நடிக்க வச்சார். அதே ஆளு 1917ல 'லங்கா தகன்'ல ராமனும் நான்தான் சீதையும் நான்தான்னு ரெண்டு வேஷமும் போட்டார்! அதனால இருபதுகள்ல ஹீரோயினா வந்தவங்கள்ல நிறைய பேர் ஆங்கிலோ இந்தியன், இல்லாட்டி யூதப் பொண்ணுங்க. பேரு மட்டும் சீதாதேவி, இந்திராதேவி, சுலோச்சனா.

பவ்னானி விடல, கடைசில ஒத்துக்கிட்டாங்க. 1925ல 'வீர் பாலா'. அடுத்த வருஷமே 'டைப்பிஸ்ட் கேர்ள்', 'டெலிபோன் கேர்ள்'. போர்டுல உக்காந்து லைன் போட்டுக் குடுத்துட்டு இருந்த பொண்ணு, அதே வேலை பாக்கற பொண்ணா திரையில வர்றாங்க! புராணப் படமா வந்துட்டு இருந்த காலத்துல ஆபீஸ் போற பொண்ணு, மாடர்ன் டிரெஸ் போட்ட பொண்ணுன்னு இவங்க காட்டினது ஜனங்களுக்குப் புதுசு. 1927ல வந்த 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'ல எட்டு வேஷம். தோட்டக்காரன், போலீஸ்காரன், ஹைதராபாத் கனவான், தெருப் பையன், வாழைப்பழம் விக்கிற கிழவி, வெள்ளைக்காரப் பொண்ணு, இப்படிப் போகுது லிஸ்ட்டு. நவராத்திரில சிவாஜி ஒன்பது, தசாவதாரத்துல கமல் பத்துன்னு நாம மார்தட்டிக்கிறோம், அந்தக் கணக்கை 1927லயே ஒரு பொம்பளை ஆரம்பிச்சு வச்சாச்சு.

அப்புறம் அர்தேஷிர் இரானியோட இம்பீரியல் ஃபிலிம் கம்பெனிக்குப் போனாங்க. 1928 அனார்கலி சமாச்சாரம் செம காமெடி. லாகூர்ல ஒரு கம்பெனி இதே கதையைப் பெருசா எடுத்துட்டு இருந்தாங்க, அங்க ஹீரோயின் சீதாதேவி, அவங்க நிஜப்பேரு ரெனீ ஸ்மித். இது தெரிஞ்ச இரானி, ஆர்.எஸ்.சௌத்ரிய டைரக்டரா போட்டு மடமடன்னு படத்தை முடிச்சு அவங்களுக்கு முன்னாடியே தியேட்டர்ல இறக்கிட்டார். படம் பிச்சுக்கிச்சு. லாகூர்க்காரங்க படம் பின்னாடி வந்து எடுபடல. நம்ம கோடம்பாக்கத்துல இப்பவும் நடக்கற அதே வேலைதான். முகலாய அரண்மனை அனார்கலிக்கு ஒரு யூதப் பொண்ணும் ஒரு ஆங்கிலோ இந்தியப் பொண்ணும் போட்டி போட்டிருக்காங்க, ஒருத்தரும் அதைப் பத்திக் கவலைப்படல. படம்தான் பேசலையே! நடுநடுவுல வர்ற வசன அட்டையை ரெண்டு மூணு பாஷைல போட்டா போதும், எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு தியேட்டர்ல ஒருத்தர் சத்தமா வாசிச்சுக் காட்டுவார், நாடு பூரா ஓடும்.

அப்போ இவங்க சம்பளம் மாசம் அய்யாயிரம், பாம்பே கவர்னரை விட ஜாஸ்தின்னு ஒரு பேச்சு உண்டு. காந்தி கதர் கண்காட்சியைத் திறந்து வச்ச சின்னப் படத்தோட, 'மாதுரி'ங்கிற மௌனப் படத்துல இவங்க ஆடின டான்ஸை சத்தம் சேர்த்து ஒட்டிக் காட்டினாங்கன்னும் சொல்வாங்க. காந்திக்கும் கூட்டம் சேர்க்க சுலோச்சனா வேண்டியிருந்திருக்கு, நான் என்னத்த சொல்ல.

1931 மார்ச் 14, பாம்பே மெஜஸ்டிக் தியேட்டர்ல 'ஆலம் ஆரா'. இந்தியாவோட முதல் பேசும் படம். எடுத்தது யாரு, இதே இம்பீரியல் இரானி. ஆனா ஹீரோயின் சுபைதா. கம்பெனியோட பெரிய ஸ்டாரே நம்மம்மாதான், ஆனா ஹிந்துஸ்தானி சரளமா வராது. மூஞ்சியையும் கண்ணையும் வச்சுக் கட்டின ராஜ்ஜியம், ஒரு மைக் வந்ததும் ஆட்டம் கண்டுருச்சு. அதே வருஷக் கடைசில அதே இம்பீரியல்ல எடுத்த நம்ம முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்'ல டி.பி.ராஜலட்சுமி ஹீரோயின் ஆனாங்க, அவங்க மேடையில பாடி நடிச்சு வளர்ந்தவங்க, குரல்தான் அவங்க மூலதனமே. சுலோச்சனாவுக்கு அந்த மூலதனம் கையில இல்ல.

எனக்கு இவங்களைப் பிடிச்சுப் போனது இதுக்கு அப்புறம் நடந்ததுனாலதான். மௌனப்பட ஸ்டார் கதைன்னா டாக்கி வந்துச்சு, மார்க்கெட் போச்சு, குடிச்சு அழிஞ்சாங்கன்னே எழுதி எழுதி நமக்கும் பழகிப்போச்சு. இந்தம்மா அழுதுட்டு உக்காரல. ஒரு வருஷம் நடிப்பை நிறுத்திட்டு உக்காந்து ஹிந்துஸ்தானி கத்துக்கிட்டாங்க. 1932ல தன்னோட பழைய ஹிட் 'மாதுரி'யவே பேசும் படமா எடுத்துத் திரும்பி வந்தாங்க. அப்புறம் 'இந்திரா எம்.ஏ.', அனார்கலி, 1936ல 'வைல்ட்கேட்'டும் 'பம்பாய் கி பில்லி'யா வந்துச்சு. தன் படத்தையே தானே ரீமேக் பண்ணி ஓட்டினது புத்திசாலித்தனம், கதை ஜனங்களுக்குத் தெரியும், குரல் மட்டும்தான் புதுசு. ரூபி பிக்ஸ்னு சொந்தக் கம்பெனியும் வச்சாங்க.

முப்பதுகள்ல கூட ஜோடியா நடிச்சது தின்ஷா பில்லிமோரியா. நிஜத்துலயும் காதல். அது முறிஞ்சதும் ரெண்டு பேருக்கும் இறங்குமுகம்தான். பாடத் தெரிஞ்ச புதுப் பொண்ணுங்க வந்துட்டாங்க, அப்புறம் அம்மா வேஷம், சின்னச் சின்ன வேஷம்னு போச்சு. 1973க்கான தாதாசாஹேப் பால்கே விருது குடுத்தாங்க, தேவிகா ராணிக்கு அப்புறம் அதை வாங்கின ரெண்டாவது பொம்பளை. 1983ல பாம்பேலயே காலமாயிட்டாங்க.

கடுப்பாகற விஷயம் என்னன்னா, இவ்வளவு பேசறோமே, பாக்கலாம்னு தேடினா அந்த மௌனப் படம் ஒண்ணும் சிக்க மாட்டேங்குது. இந்தியால சுமார் 1300 மௌனப் படம் எடுத்திருக்காங்க, மிஞ்சினதை எண்ணி முடிச்சிடலாம். அப்போ படம் எடுத்தது நைட்ரேட் ஃபிலிம்ல, அது தானா மக்கும், பட்டுன்னு தீப்பிடிக்கும். மிச்சத்தை அதுல இருக்கற வெள்ளிக்காக உருக்கிட்டாங்க. பழைய படங்களைப் பாதுகாக்கற புனே ஃபிலிம் ஆர்க்கைவ்ல பி.கே.நாயர் ஊர் ஊரா அலைஞ்சு சேர்த்தார், இல்லாட்டி இருக்கறதும் போயிருக்கும்.

1953 அனார்கலி இருக்கு, லதா பாட்டுக்காகவாவது பாருங்க, சலீமோட அம்மா வர்ற சீன்ல கண்ணை மட்டும் கவனிங்க. ஆங், நெட்ல சுலோச்சனான்னு தேடினா மராத்தி, ஹிந்திப் படங்கள்ல அம்மாவா நடிச்ச சுலோச்சனா லாட்கர் வருவாங்க, அவங்க வேற. ரூபி மையர்ஸ்னே போட்டுத் தேடுங்க.