முத்துலட்சுமி பணம்

"முத்துலட்சுமி பணம் எப்ப சிஸ்டர் ஏறும்?" கிராம சுகாதார செவிலியராக இருக்கிற யாரும் இந்தக் கேள்வி காதில் விழாமல் ஒரு வாரத்தைத் தாண்டியிருக்க முடியாது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்பதுதான் முழுப்பெயர். 2006-ல் 6,000 ரூபாயாக இருந்தது, 2011-ல் 12,000 ஆகி, 2018-லிருந்து ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து 18,000. அந்தப் பெயரை எத்தனை படிவத்தில் எழுதியிருப்பேன் என்று கணக்கே இல்லை. ஆனால் அவர் யார் என்று பல வருடம் எனக்குத் தெரியாது.

என் அத்தையை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கூட்டிப்போன சமயத்தில்தான் தெரிந்தது, 1954-ல் அதைத் தொடங்கியவரும் இவரே என்று. காத்திருக்கும் நேரம் நிறைய இருந்ததால் அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர், தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1927-ல் சென்னை சட்டசபைக்குள் போனார், பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் உட்கார்ந்த முதல் பெண், துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார் என்று பள்ளிப் புத்தகத்திலேயே ஒரு வரி உண்டு. அந்த ஒரு வரியில் விட்டுப்போன ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி நேர்ந்துவிட்ட பெண்களுக்கு மானிய நிலம் இருந்தது. கோயில் ஊழியம் செய்யும்வரைதான் அது அவர்களுடையது, விட்டுவிட்டால் நிலமும் போய்விடும். அப்படியிருக்க, ஒரு தாய் தன் மகளைப் பொட்டுக் கட்டாமல் விடுவது எப்படி? வயிற்றுப்பாடு இருக்கிறதே. 1929-ல் அவர் முயற்சியால் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம் அந்த முடிச்சைத்தான் அவிழ்த்தது. ஊழியம் செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்ணுக்கே என்றானது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது, அதற்குள் அவர் பதவியை விட்டு விலகிப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. ஆனால் "செய்யாதே" என்று சொல்வதற்கு முன்னால் அந்தப் பெண் நாளைக்கு என்ன சாப்பிடுவாள் என்று யோசித்தாரே, அதற்காகவே எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெண்தான் ஞாபகம் வந்தாள். சில வருடத்துக்கு முன்னால், கர்ப்பிணிகளைப் பதிவு செய்யப் போன இடத்தில் மாமியார்க்காரி முந்திக்கொண்டு, "பத்தொன்பதுன்னு போட்டுக்குங்க சிஸ்டர்" என்றார். பத்தொன்பது முடிந்தால்தான் உதவித்தொகை, அது ஊருக்கே தெரியும். ரத்த அழுத்தம் பார்க்கக் கைப்பட்டையைச் சுற்றினேன். மற்ற பெண்களுக்கு ஒரு சுற்று வருவது இவளுக்கு ரெண்டாவது சுற்றுக்குப் போய், விடாமல் கையால் பிடித்துக்கொண்டே காற்றடிக்க வேண்டியிருந்தது. சுவரில் ஆணியில் பள்ளிக்கூடப் பை தொங்கியது, அதன் பட்டையில் நீல பேனாவால் அவள் பெயரை எழுதியிருந்தாள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.4, ரொம்பக் குறைவு. ஆதார் அட்டையைக் கேட்டேன், வயது பதினாறு.

பதினெட்டுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். சொன்னேன். அது சரிதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் பிறகு அந்த வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. அவள் ரெண்டு மாதம் பரிசோதனைக்கு வரவில்லை, யாரோ உறவுக்காரர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கடைசியில் வலி எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், குழந்தை 1.8 கிலோ. இருவரும் பிழைத்தார்கள் என்பதே பெரிசு. யாருக்கு அந்தப் பேரீச்சம்பழமும் நெய்யும் இரும்புச்சத்து சிரப்பும் எல்லாரையும்விட அதிகமாகத் தேவையோ, அவளுக்கு அந்தப் பெட்டகம் கிடையாது. பணம் வேண்டாம், சத்துணவையாவது வயது பார்க்காமல் கொடுக்கலாம் என்று கூட்டங்களில் நானும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். குழந்தைத் திருமணத்தை ஊக்குவிப்பது போல் ஆகிவிடும் என்பதே பதில். அந்தப் பதிலில் இருக்கிற பயமும் எனக்குப் புரிகிறது, ஆனால் அவள் வயிற்றில் இருந்தது என்ன பாவம் செய்தது?

முத்துலட்சுமி 1928-ல் இதைப் பற்றியும் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்தார், பெண்ணுக்குத் திருமண வயது குறைந்தது 16 ஆக வேண்டும், ஆணுக்கு 21 என்று. அடுத்த வருடம் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றுதான் வைத்தது. 1978-ல்தான் 18 ஆனது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மருத்துவர், சிறு உடம்பு பிரசவத்தில் என்ன பாடுபடும் என்று தெரிந்தவர். அவர் சட்டசபையில் எழுந்து பேசும்போது அந்தக் கட்டில்களும் கூடவே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

நான் சட்டசபை உறுப்பினர் இல்லை, என் கையில் இருப்பது பதிவேடும் ஒரு ஸ்கூட்டியும். அந்தப் பெண்ணுக்குப் பிறகு ஒரு வேலையைப் பழக்கமாக்கிக்கொண்டேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அங்கன்வாடி அக்காவையும் கூட்டிக்கொண்டு, போன வருடம் போய் இந்த வருடம் போகாத பெண் பிள்ளைகள் யார் யார் என்று தெருத்தெருவாகக் கேட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். வீட்டில் போய்ச் சட்டம் பேசுவதில்லை. அரசுப் பள்ளியில் முடித்துக் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும், பஸ் இலவசம், விடுதிக்கு நானே விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று பணக் கணக்கைத்தான் முதலில் பேசுகிறேன். தலைமையாசிரியரிடமும் சொல்லி வைப்பேன்.

போன ஜூனில் அந்தப் பக்கத்தில் நான்கு பெயர். ரெண்டு பேர் திரும்பப் பள்ளிக்குப் போகிறார்கள். ஒரு பிள்ளையை மில் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நாலாவது வீட்டுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன், அப்பா அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பாராம்.