மணிமேகலை வரவேயில்லை

"மணிமேகலை எப்போது வருவாள்?" என்று பெரியம்மா கேட்டார். தொலைக்காட்சியில் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டாம் பாகம் முடியும் தறுவாயில் இருந்தது.

வரமாட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய நாவலின் ஐந்து பாகங்களை இரண்டு படங்களாக ஏறக்குறைய ஐந்தரை மணி நேரத்திற்குள் அடக்க வேண்டுமென்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. தஞ்சையையும் கடலையும் திரையில் கண்டு நானும் மெய்சிலிர்த்தேன்.

ஆனால் கடம்பூர்ச் சம்புவரையரின் மகள் மணிமேகலையை விட்டது வேறு விஷயம். பட்டத்து இளவரசன் கரிகாலனைக் கொன்றதாகக் கதாநாயகன் வந்தியத்தேவன் மீது விழுந்த பழியைத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளத் துணிந்து, இறுதியில் சித்தம் கலங்கி, அவன் மடியிலேயே உயிர்விடும் அந்தப் பெண்ணோடுதான் அத்தனை பெரிய நாவலும் முடிகிறது. அந்த அத்தியாயத்தின் தலைப்பே 'மலர் உதிர்ந்தது!'. பெரியம்மாவின் பழைய பிரதியில் அந்தப் பக்கங்கள் மட்டும் தனியே கழன்று நிற்கின்றன.

சேந்தன் அமுதனுக்கு நேர்ந்ததும் அப்படித்தான். பூத்தொடுத்துச் சிவத்தொண்டு செய்துவந்தவனை அழைத்து, இளவரசன் அருள்மொழி தனக்குரிய மகுடத்தைச் சூட்டும்போதுதான் அந்தத் தியாகத்தின் முழு உயரமும் தெரியும். படத்தில் அம்மகுடம், அரியணைக்காகச் சதியில் சேர்ந்த மதுராந்தகனுக்கே போய்விடுகிறது.

கரிகாலனைக் கொன்றது யார் என்ற முடிச்சைக்கூடக் கல்கி முழுதாக அவிழ்க்கவில்லை. அதையும் அவிழ்த்துக் காட்டியவர்கள், மணிமேகலைக்கு ஒரேயொரு காட்சியாவது கொடுத்திருக்கலாம்.