பூனைக்குக் காமாலை என்றால் பத்தியம் வேண்டாம்

எங்கள் மணிக்குக் காதின் உட்புறமும் ஈறும் மஞ்சளாகிவிட்டன என்று போனில் சொன்னதும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "கறி, மீனு எதுவும் குடுக்கலையே கண்ணு?" என்பதுதான். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுக்கச் சொன்னார். வீட்டில் யாருக்குக் காமாலை வந்தாலும் அப்படித்தான், எண்ணெயையும் கறியையும் நிறுத்திவிடுவோம். அவர் பாசத்தில் சொன்னார். ஆனால் மணிக்கு வந்ததுபோல, ஈரலில் கொழுப்பு சேர்ந்து காமாலை வரும் ஃபேட்டி லிவரில் பூனைக்கு அந்தப் பத்தியம் உயிருக்கே ஆபத்து. இங்கே சாப்பாடுதான் மருந்து, அதுவும் கறிச்சாப்பாடு.

மணி குண்டுப் பூனை, 5 கிலோ. வீடு மாறியபோது அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு தட்டைத் தொடவே இல்லை. பூனை பட்டினி கிடந்தால் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து ஈரலுக்குப் போய்ச் சேரும். வருகிற வேகத்துக்கு ஈரலால் அதைச் செலவழிக்க முடியாது. ஈரல் கெடக்கெட குமட்டல் கூடும், பசி இன்னும் போகும், கொழுப்பு இன்னும் வந்து சேரும். குண்டுப் பூனைக்கு இந்த நோய் வரச் சில நாள் பட்டினியே போதும். பல பூனைகளுக்குக் கணைய வீக்கம், குடல் நோய் என்று வேறொன்று பின்னால் இருக்கும், அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

கறி எதற்கு என்று டாக்டரிடம் கேட்டேன். பட்டினியாக இருந்தாலும் பூனையின் உடம்பு புரதத்தை எரிப்பதை அவ்வளவாகக் குறைத்துக்கொள்ளாதாம். அதில் வரும் அம்மோனியா என்ற நச்சை வெளியேற்ற, புரதத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் வேண்டும், அது உணவிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். ஆர்ஜினின் இல்லாத ஒரே ஒரு வேளைச் சாப்பாட்டில் பூனைகள் சில மணி நேரத்திலேயே நோயுற்றதை 1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பால்சோறும் தயிர்சோறும் இந்தத் தேவைக்குப் போதாது. அம்மோனியா ஏறி மூளையைப் பாதித்திருந்தால் மட்டும் டாக்டர் புரதத்தைக் குறைப்பார்.

சரி, சாப்பிடவே மாட்டேன் என்கிற பூனைக்கு எப்படிக் கொடுப்பது? வாயைத் திறந்து சிரிஞ்சில் ஊற்றுவதை டாக்டர் கூடாது என்றார். புரையேறி நுரையீரலுக்குள் போகலாம். குமட்டும்போது திணித்த உணவை அது பிறகு ஜென்மத்துக்கும் வெறுக்கலாம். முதலில் மூக்கு வழியாக மெல்லிய ட்யூப், மயக்க மருந்தைத் தாங்கும் நிலை வந்ததும் கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழாய்க்குள் ஒரு ட்யூப். பார்க்கத்தான் பயமாக இருக்கிறது, அவனுக்கு அது பெரிய தொந்தரவாக இல்லை.

எடுத்த எடுப்பில் வயிறு நிறையக் கொடுத்துவிடவும் கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று உணவு போனால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்துவிடும், அதிலேயே உயிர் போகலாம். 5 கிலோ பூனைக்கு ஓய்வில் ஒரு நாளைக்குச் சுமார் 230 கலோரி வேண்டும். முதல் நாள் அதில் கால் பங்கு, பிறகு சில நாட்களில் படிப்படியாக முழு அளவு. அந்த நாட்களில் ரத்தப் பரிசோதனையும் அடிக்கடி நடந்தது. பி12, வைட்டமின் கே ஊசிகளும் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் வேலை என்னுடையது. புரதம் கூடிய திரவ உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, கால் மணி நேரம் எடுத்து மெல்லத் தள்ளுவேன். முன்னும் பின்னும் 5 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் விட்டால்தான் ட்யூப் அடைக்காது. அவன் உதட்டை நக்கினால், எச்சில் விழுங்கினால் குமட்டுகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுவேன். கழுத்துக் கட்டைப் பிரித்துத் தினமும் புண்ணைத் துடைப்பேன். பக்கத்து வீட்டு அக்கா கோழி சூப் கொண்டுவந்தார். அதில் வெங்காயமும் பூண்டும் இருந்தன, இரண்டுமே பூனையின் ரத்த அணுக்களை உடைக்கும் என்பதால் அவரிடம் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

தட்டிலும் தினமும் கொஞ்சம் மத்தி மீன் வைப்பேன், வற்புறுத்த மாட்டேன். ஒருநாள் அவனாகவே நக்கினான். அன்றைக்கே ட்யூபை எடுக்கவில்லை. தானாகச் சாப்பிட்டும் எடை குறையாமல் நிற்கிறதா என்று பார்த்துத்தான் டாக்டர் எடுத்தார். இந்தச் சிகிச்சையை ஆரம்பத்திலேயே தொடங்கினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்கின்றன.

இப்போது அவனை இளைக்க வைக்கிறோம், மிக மெதுவாக, வாராவாரம் எடை பார்த்து. குண்டுப் பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைக்காதீர்கள். வீடு மாறும்போதும் ஊருக்குப் போகும்போதும் தட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று யாராவது பார்க்கட்டும். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லையென்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.