மின்சார பில்லில் என் பெயர் இல்லை

2023 ஆகஸ்ட்டில் நியூ ஜெர்சி வந்து இறங்கினேன். கல்யாணமாகி அப்போது பத்தொன்பது மாதம். இரண்டு வருடம் முடியாமல் வந்ததால் கிடைத்தது இரண்டு வருட கிரீன் கார்டு. விசா இன்னும் ஐந்து மாதம் இழுத்திருந்தால் பத்து வருட கார்டே கிடைத்திருக்கும். சீக்கிரம் வர வேண்டும் என்று வேண்டாத தெய்வமில்லை, அதற்கு இந்தப் பலன்.

கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் கணவரும் நானும் கையெழுத்திட்டு, பத்து வருட கார்டுக்காக ஐ-751 என்ற படிவம் அனுப்ப வேண்டும். கட்டணம் 750 டாலர். படிவத்தை ஒரே மாலையில் நிரப்பிவிடலாம். ஆதாரம் சேர்ப்பதுதான் வேலை. கல்யாண ஆல்பமெல்லாம் விசாவுக்கே காட்டியாயிற்று. அதற்கப்புறம் ஒரே வீட்டில், ஒரே வரவுசெலவில் குடும்பம் நடத்தினீர்களா என்பதுதான் இப்போது கேள்வி.

2025 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, வீட்டிலிருந்த கடிதங்களைச் சாப்பாட்டு மேசையில் கொட்டினோம். கணவர் பெயருக்கு வந்தவை, எனக்கு வந்தவை, இருவருக்கும் சேர்த்து வந்தவை என்று மூன்று குவியல். மூன்றாவதில் நாலே தாள். மின்சாரம், கேஸ், இன்டர்நெட் எல்லாம் அவர் பெயரில். எனக்கு வந்தவை பல் டாக்டரின் நினைவூட்டலும் கூப்பன்களும். வாடகை ஒப்பந்தத்தில்கூட நான் உடன் வசிப்பவர், அவ்வளவுதான். ஜாயின்ட் அக்கவுண்ட் ஒன்று இருந்தது. நான் வந்த வாரம் போட்ட 300 டாலர் அதில் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டில் எல்லா பில்லும் அப்பா பெயரில்தான் வரும். அதனால் இது ஒரு குறையாகவே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

பிப்ரவரியிலிருந்து அவர் சம்பளம் ஜாயின்ட் அக்கவுண்ட்டுக்கு வந்தது. வாடகையும் மளிகையும் அதிலிருந்தே போயின. ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது நானும் வாடகைதாரர் ஆனேன். மின்சார பில்லில் என் பெயரைச் சேர்க்க அவர் மூன்று முறை போன் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் கடைசி நாலு மாதக் காகிதத்தை மட்டும் நீட்டினால், இதற்காகவே தயாரித்ததுபோல் இருக்காதா? பழைய மாதங்களுக்கு எங்களைக் காப்பாற்றியவை இரண்டு. 2023, 2024 இரண்டு வருடமும் வரியைச் சேர்ந்தே தாக்கல் செய்திருந்தோம். அதற்கான டிரான்ஸ்கிரிப்ட், அதாவது தாக்கல் விவரங்களின் சுருக்கம், வரித்துறை இணையதளத்தில் இலவசம். இன்னொன்று, நான் வந்த மறுமாதமே அவர் அலுவலக ஹெல்த் இன்சூரன்ஸில் என்னைச் சேர்த்திருந்த கடிதம்.

பெயர் விஷயம் தனிக் கதை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக இருப்பது என் அப்பா பெயர், அவருடையதில் அவர் அப்பா பெயர். எந்தத் தாளை எடுத்தாலும் சம்பந்தமில்லாத இரண்டு பேர் மாதிரி இருக்கும். கட்டாயம் இல்லைதான், இருந்தாலும் தமிழர்களிடம் குடும்பப் பெயர் வழக்கமில்லை, அப்பா பெயரைத்தான் போட்டுக்கொள்கிறோம் என்று அரைப் பக்கம் எழுதி வைத்தோம்.

தெரிந்தவர்கள் இரண்டு பேர் நோட்டரி முன் கடிதம் தந்தார்கள். எதிர் வீட்டு குஜராத்தி ஆன்ட்டி முதலில் எழுதியது, "மிகவும் நல்ல ஜோடி" என்று நாலு வரி. அது எதற்கும் உதவாது. அப்புறம் பேச்சுவாக்கில் அவரே சொன்னார்: பனி கொட்டிய ஒரு காலை, எங்களிடம் இருந்த ஒரே மண்வாரிக்கு நாங்கள் இருவரும் சண்டை போட்டதை ஜன்னலிலிருந்து பார்த்தாராம். ஐயோ ஆன்ட்டி, அதை எழுதுங்கள் என்றேன்.

மே மாதக் கடைசியில் அனுப்பினோம். கார்டின் ஆயுளை 48 மாதம் நீட்டித்து ரசீதுக் கடிதம் வந்தது. முடிவு இன்னும் வரவில்லை.

டிசம்பரில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது சென்னை விமான நிலையத்தில் கவுண்ட்டர் பையன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மேடம், இது ஆகஸ்ட்லயே முடிஞ்சிருச்சே." ரசீதுக் கடிதத்தை நீட்டினேன். படித்தான், உள்ளே கொண்டுபோனான், கால் மணி நேரம் கழித்து போர்டிங் பாஸோடு வந்தான். கடிதத்தின் ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது முதலில் செக்-இன் பெட்டிக்குள்தான் இருந்தது, வரிசையில் நிற்கும்போது ஞாபகம் வந்து தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்து எடுத்தேன்.