ஈம்: மாமியாரின் முன்னோர்களைத் தேடிப் போன ஊர்

என் மாமியார் ஆங்கிலேயர். அவருடைய பாட்டி வீட்டார் டெர்பிஷயரில் ஈம் என்கிற மலைக்கிராமத்துக்காரர்கள். அந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், அவரோடு நானும் கிளம்பிவிட்டேன்.

போவதற்கு முன்பே பதிவுகளைத் தேடி வைத்திருந்தோம். இங்கிலாந்தில் 1837 ஜூலையிலிருந்து பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவில் இருக்கிறது. 1841 கணக்கெடுப்பிலிருந்து வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று பெயரோடு கிடைக்கும், ஆனால் அந்த ஆண்டு பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதியிருப்பார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகியிருப்பார், அதை வைத்துப் பிறந்த வருடத்தை முடிவு செய்யாதீர்கள். அதற்கும் முன்னால் என்றால் தேவாலயப் பதிவேடுதான், 1538இல் எட்டாம் ஹென்றி காலத்து உத்தரவில் தொடங்கியது. 1851 கணக்கெடுப்பில் மாமியாரின் முன்னோர் ஒருவர் ஈயச் சுரங்கத் தொழிலாளி. இன்னும் பின்னால் போனால் ஒரு திருமணப் பதிவில் மணப்பெண் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டிருக்கிறாள், பேனா அழுத்தியதில் ஒரு கோடு மட்டும் தடித்து மை ஊறியிருக்கிறது. மாமியார் அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

ஊருக்குள் கல்லறைக் கல்லைத் தேடிப் பெரிதாகப் பலன் இருக்காது. 1665 செப்டம்பரில் லண்டனிலிருந்து தையற்காரர் வீட்டுக்கு வந்த துணி மூட்டையோடு இங்கே கொள்ளைநோய் வந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன் அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து பேச, பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று ஊரே தன்னை அடைத்துக்கொண்டது. சுமார் 260 பேர் இறந்தார்கள். தேவாலய வளாகத்தில் புதைப்பதை நிறுத்தியதால் அவரவர் தோட்டத்திலும் வயலிலும்தான் புதைத்தார்கள். ரைலி பண்ணையில் எலிசபெத் ஹான்காக் எட்டே நாளில் கணவரையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தார்.

தேவாலயத்தை ஒட்டிய வீடுகளில் பச்சைப் பலகை வைத்து, அந்த வீட்டில் யார் என்றைக்கு இறந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு பலகையில் மாமியாரின் குடும்பப் பெயர் இருந்தது. பெயர் ஒன்றாக இருப்பதாலேயே சொந்தம் என்று சொல்லிவிட முடியாது, நடுவில் நூறு வருடத்துக்கு மேல் இன்னும் கண்ணி கோக்கவில்லை, ஆனாலும் அவர் அழுதார், எனக்கும் தொண்டை அடைத்தது.

அப்புறம் பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டன் பக்கம் நடந்து எல்லைக்கல்லைப் பார்த்தோம். அதில் ஆறு குழிகள் இருக்கின்றன. ஊர் அடைத்துக் கிடந்தபோது வெளியூர்க்காரர்கள் கொண்டுவந்து வைத்த சாப்பாட்டுக்கான காசை, நோய் ஒட்டாமலிருக்க அவற்றில் வினிகருக்குள் போட்டு வைப்பார்களாம்.

என்னைக் கேட்டால், பதிவேட்டில் உங்கள் ஆட்களைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போங்கள், இல்லாவிட்டால் அழகான கல்வீடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். விட்டுப்போன கண்ணிக்கு அடுத்து மேட்லாக்கில் இருக்கிற மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம், பழைய உயில்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.