ஜார்மாட்டியின் இரண்டு கைகள்

அக்டோபர் 23

ஜார்மாட்டி டெஜோ பிறந்த நாள்: 1927, மிஷ்கோல்ட்ஸ் நகரம். ஹங்கேரியில் குடும்பப் பெயர்தான் முதலில் வரும். நீந்தியபடியே பந்தைக் கோலுக்குள் எறியும் வாட்டர் போலோவில் ஐந்து ஒலிம்பிக், ஐந்திலும் பதக்கம்: 1948 வெள்ளி, 1952, 1956 தங்கம், 1960 வெண்கலம், 1964 தங்கம். வேகமாக நீந்துவார் என்பதை மட்டும் காரணம் சொல்வார்கள். அது பாதிதான். இரண்டு கையாலும் எறிவார்; அதனால் எந்த இடத்திலும் ஆடவிடலாம். மீதிப் பாதி அது.

அக்டோபர் 25

இடது கைக்கு ஏன் இத்தனை மதிப்பு? கோல் 3 மீட்டர் அகலம், நீருக்கு மேல் 90 செ.மீ. உயரம். வலது ஓரத்தில் வலக்கைக்காரர் நின்றால் பந்து பிடிக்கும் கை கோட்டுப் பக்கம் ஒதுங்கிவிடும்; கோல்கீப்பர் அருகுக் கம்பத்தை ஒட்டி நின்றாலே வாசல் பாதி அடைபடும். இடக்கைக்காரருக்குக் கை நடுவை நோக்கி இருக்கும். எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பாஸ் முகத்தைத் தாண்டாமல் நேரே கையில் விழும், வாங்கிய வேகத்திலேயே அடிக்கலாம். கோல்கீப்பர் தவிர யாரும் இரு கையால் பந்தைத் தொடக்கூடாது என்பதால், கை மாற்றுவதற்குள் தடுப்பவர் வந்து விழுந்துவிடுவார்.

அக்டோபர் 30

மறு கையைப் பழக்குபவர்கள் தடுக்கி விழுவது தோளில் அல்ல, இடுப்பில். வலக்கை எறிதலுக்கு இடது தோள் கோலை நோக்கும், வலது கால் பின்னால் உதைக்கும். கையை மட்டும் மாற்றிவிட்டு காலைப் பழைய மாதிரியே வைத்தால் உடம்பு அமிழும், பந்து நீரில் மோதிச் சாகும். முதலில் பந்தே வேண்டாம். இரு காலும் மாறி மாறிச் சுழலும் மிதியில் நின்றபடி இடுப்பைத் திருப்பிப் பழகணும். பிறகு 4 மீட்டரில் சுவரில் எறியலாம். பந்து 400 முதல் 450 கிராம்தான். ஆனால் நனைந்த கையில் வழுக்கும். விரல்களை அகட்டிப் பிடிக்கணும், உள்ளங்கையில் அழுத்தினால் திசை போய்விடும்.

நவம்பர் 4

1949 வரை விசில் ஊதினால் வீரர்கள் இருந்த இடத்திலேயே நிற்கணும். அந்த விதி போனதும் நீச்சல்காரர்களுக்கு ஆட்டம் திறந்தது. ஹெல்சிங்கியில் தங்கம் வந்தது இந்தப் புது ஆட்டத்தில். அதே 1952இல் ஜார்மாட்டியின் மனைவி சேக்கேய் ஏவா 200 மீட்டர் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கில் தங்கம் வாங்கினார்.

டிசம்பர் 6

மெல்போர்ன், 1956. ஹங்கேரி 4, சோவியத் 0. முதல் கோல் ஜார்மாட்டியுடையது. சோவியத் ஆதிக்கத்தை எதிர்த்துப் புடாபெஸ்டில் எழுச்சி தொடங்கிய அக்டோபர் 23 அவருடைய 29ஆம் பிறந்த நாள் என்பதும் ஒரு வினோதம். இந்த ஆட்டம் என்றாலே ஹங்கேரி வீரர் சாடோர் எர்வினின் இரத்த முகம்தான் நினைவுக்கு வரும். விசில் எதற்கு என்று நடுவரை நோக்கித் திரும்பிய நொடியில் சோவியத் வீரர் புரோகோபோவ் அவரை அடித்தார். விசிலுக்குப் பிறகும் எதிராளி மேலிருந்து கண்ணை எடுக்காதே என்று பயிற்சியாளர்கள் கத்துவது இதற்குத்தான். கூட்டம் கொதித்ததால் ஆட்டத்தை நேரம் முடியுமுன்பே நிறுத்தினார்கள். யூகோஸ்லாவியாவோடு நடந்த கடைசி ஆட்டத்தில் சாடோர் ஆடவில்லை; 2-1 வெற்றி.

டிசம்பர் 9

டோக்கியோ, 1964. ஜார்மாட்டிக்கு 36 வயது. யூகோஸ்லாவியாவோடு 4-4 சமன். கோல் கணக்கில்தான் ஹங்கேரிக்குத் தங்கம். பின்பு பயிற்சியாளராக 1972 வெள்ளி, 1976 தங்கம், 1980 வெண்கலம். மூன்றிலும் ஆடியவர் ஃபாரகோ தமாஷ். மகள் ஆண்ட்ரியா 1972 மியூனிக் நீச்சலில் வெள்ளியும் வெண்கலமும் எடுத்தார். அந்த வீட்டில் பதக்கம் வைக்கத் தனி அலமாரி வேண்டியிருந்திருக்கும்.